விதைக்குள் ஒரு கட்டுச்சோறு

சகோதரிகளே, அடுத்த முறை மல்லாட்டை உரிக்க உட்காரும்போது ஒரு நிமிஷம் கையை நிறுத்தி, ஒரு பருப்பை உற்றுப் பாருங்கள். (வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். எங்கள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் மல்லாட்டை என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.) சிவப்புத் தோலை நீக்கிவிட்டுப் பருப்பை இரண்டாகப் பிளந்தால், ஒரு பாதியின் நுனியில் கிளிமூக்கு மாதிரி சின்னத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சட்னிக்கு எடுக்கும்போது, கசக்கும் என்று சிலர் அதை உள்ளங்கையில் தேய்த்து ஊதிவிடுவார்கள். அந்தத் துணுக்குதான் செடி! அதில் ஒரு முனை வேராகும். அதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் முளைவேர் என்பார்கள். மறுமுனை தண்டும் இலையுமாகும். அது முளைக்குருத்து.

அப்படியானால் நாம் ருசித்துச் சாப்பிடுகிற அந்த இரண்டு பருத்த பாதிகள் எதற்கு? அவைதான் வித்திலைகள். மண்ணுக்குள் கிடக்கும் குழந்தை வேர் விட்டு, தலை நீட்டி, வெயிலைப் பிடித்துத் தானே சமைத்துச் சாப்பிடப் பழகும் வரைக்கும் பசியாற வேண்டாமா? அதற்காகத் தாய்ச்செடி கட்டி அனுப்பிய கட்டுச்சோறு அது. மேலே இருக்கும் தோல், சோற்று மூட்டையைச் சுற்றிய துணி. எந்த விதையானாலும் சங்கதி இதுதான்: ஒரு குழந்தை, அதற்கு ஒரு மூட்டை சோறு, மேலே ஒரு போர்வை.

கட்டுச்சோறு இருக்கும் இடம் மட்டும் விதைக்கு விதை மாறும். அவரை, மொச்சை, பயறு, மல்லாட்டை இவற்றில் சோறு இரண்டு வித்திலைகளுக்குள் இருக்கிறது. அதனால்தான் இவற்றை உடைத்தால் இரண்டு பருப்பாகப் பிரிகின்றன. நெல், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் இவற்றுக்கு ஒரே வித்திலை. சோறு அதற்கு வெளியே தனியாக இருக்கும். முளைசூழ்தசை என்று அதற்குப் பெயர். பெயர் கஷ்டமாக இருந்தாலும் பொருள் சுலபம்: முளையைச் சுற்றியுள்ள சதை. நாம் உண்கிற அரிசி முழுக்க அதுதான். தேங்காய்ப் பருப்பும் இளநீரும்கூட அதுதான். தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்குமே, அதற்கு உள்ளே குழந்தை தூங்குகிறது.

ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியின் ஒரு முனையிலும் சின்னப் பள்ளம் தெரியும். நெல்லை மில்லில் தீட்டும்போது அங்கே இருந்த முளைக்கரு தவிட்டோடு போய்விட்டது. குழந்தை போய், சோறு மட்டும் நம் பானைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் கடையில் வாங்கும் அரிசியை எத்தனை நாள் ஊறப்போட்டாலும் முளைக்காது. உடைத்த உளுந்தும் முளைக்காது. புழுங்க வைத்த நெல்லில் கரு இருந்தும் பயனில்லை, வெந்நீர்ச் சூட்டில் அதன் உயிர் போயிருக்கும்.

தூங்குகிற பிள்ளையை எழுப்புவது

காய்ந்த விதை செத்தது அல்ல, தூங்குகிறது. இஸ்ரேல் நாட்டில் மசாடா என்ற பழைய கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 வருஷத்துப் பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-இல் நட்டார்கள். அது முளைத்து மரமாகிவிட்டது. அவ்வளவு காலமும் கட்டுச்சோற்றைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை தூங்கியிருக்கிறது!

எழுப்புவதற்கு மூன்று வேண்டும்: ஈரம், காற்று, இதமான சூடு. நம் வீட்டு ஆண்கள் விதைநெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள் இல்லையா? அதில் மூன்றும் இருக்கிறது. ஊறியதால் ஈரம், வடித்ததால் காற்று, மூடியதால் சூடு. பயறை நாட்கணக்கில் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் முளைப்பதற்குப் பதில் நாறிப்போவது ஏன் என்று இப்போது புரியும். மூச்சு முட்டிப்போகிறது.

வெளிச்சம் இந்த மூன்றில் சேராது. முளைப்பாரிக்கு இருட்டறையில் வளர்க்கிறோமே, வெயிலே படாமல் ஒரு முழம் நெடுநெடுவென்று வெளிர் மஞ்சளாக வளர்கிறது பாருங்கள். அத்தனையும் கட்டுச்சோற்றின் தயவு. சோறு தீர்ந்தபிறகும் வெயில் கிடைக்காவிட்டால் துவண்டு விழுந்துவிடும்.

இனிமேல்தான் நம் அடுப்படிக்கு வேண்டிய விஷயம் வருகிறது. விதைக்குள் இருக்கும் சோறு மாவுச்சத்து. அந்தச் சின்ன முளைக்கு அதை அப்படியே விழுங்கத் தெரியாது, கரைத்து ஊட்ட வேண்டும். தானியத்தில் ஈரம் பட்டதும் கரு விழித்துக்கொண்டு ஜிப்ரலின் என்ற பொருளைச் சுரந்து, சோற்று மூட்டையின் ஓரத்து அடுக்குக்குச் சொல்லி அனுப்புகிறது. அந்த அடுக்கு உடனே அமைலேஸ் என்ற நொதியைத் தயார் செய்கிறது. அமைலேஸ் மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கிக் கரைக்கும். நம் எச்சிலிலும் இதே ஜாதி நொதி இருக்கிறது. முளைகட்டின தானியத்தை மென்றால் லேசாகத் தித்திக்கிறதே, அது இந்த வேலையால்தான். டப்பாவில் வாங்கும் மால்ட் பானங்களும் பார்லியை முளைகட்டி, காயவைத்துச் செய்வதுதான். மால்ட் என்றாலே முளைகட்டிக் காயவைத்த தானியம் என்றுதான் அர்த்தம்.

சுருக்கமாகச் சொன்னால், முளைக்கிற விதை தன் குழந்தைக்காகச் சோற்றைக் கரைக்கிறது. அந்தக் கரைக்கிற வேலையை நம் குழந்தைக்காக நாம் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லை

எங்கள் தெருவில் ஒரு பெண். தலைச்சன் பிள்ளைக்கு எட்டு மாதம். அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்த்ததில் இரண்டு மாதமாக முள் நகரவே இல்லை. முகம் வாடி என்னிடம் வந்தாள்.

"அத்தை, பிள்ள நல்லாத்தான் குடிக்குது. மூணு வேளையும் கேவுரு கஞ்சி தரேன். கிண்ணத்துல மீதி வைக்கிறதே இல்ல. அப்புறம் ஏன் அத்தை எடை ஏற மாட்டேங்குது?"

"கஞ்சியை எப்படிக் காய்ச்சுறே?"

"கெட்டியா காய்ச்சினா துப்பிடுது. தொண்டையில சிக்கிக்குது. அதான் தண்ணி ஊத்தி, தண்ணி ஊத்தி, நீர்க்கக் காய்ச்சி பாலாடையில குடுக்கிறேன்."

குறை பிள்ளையிடமும் இல்லை, தாயிடமும் இல்லை. மாவின் சுபாவம் அப்படி. மாவுச்சத்து வெந்தால் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் களியாகும். விழுங்குகிற பதத்துக்கு இளக்க வேண்டுமானால் மேலும் மேலும் தண்ணீர் விடணும். பிள்ளையின் வயிறோ சின்னக் கிண்ணம் அளவு. அந்தக் கிண்ணத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீராகப் போனால் வயிறு நிறைந்துவிடும், பிள்ளையும் சமர்த்தாகத் தூங்கிவிடும், உடம்பு மட்டும் தேறாது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை பிள்ளைகள் இளைத்துப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதற்கு வழி தேடியவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் என்ற இருவர், முளைகட்டிய கேழ்வரகும் பச்சைப்பயறும் சேர்த்து இளக்கமாகக் காய்ச்சக்கூடிய குழந்தை உணவு ஒன்றைத் தயாரித்து, 1982-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதே 1980-களில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் என்ற அம்மையார், சாதாரணக் கெட்டிக் கஞ்சியில் முளைகட்டிய தானிய மாவைத் துளி சேர்த்தாலே அது இளகிவிடுவதைச் செய்து காட்டினார். காரணம் அந்த அமைலேஸ்தான். மாவின் நீண்ட இழைகளை அது வெட்டிவிடுவதால் களி உப்புவதில்லை. முன்பு ஒரு பங்கு மாவு போட்ட கிண்ணத்தில் இப்போது இரண்டு, மூன்று பங்கு போடலாம், பிள்ளை சுலபமாக விழுங்கும்.

கேழ்வரகு இதற்குத் தோதான தானியம். சுலபமாக முளைக்கும், நொதியும் நன்றாகச் சுரக்கும், பூச்சி அண்டாமல் நெடுநாள் இருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலின்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. நமக்கோ கல்வராயன் மலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சாமை, தினையோடு கேழ்வரகும் விளைகிறது. முளைகட்டும்போது இன்னொரு லாபமும் உண்டு. தானியத்திலுள்ள இரும்பு, சுண்ணாம்புச் சத்துக்களை உடம்பில் ஒட்டவிடாமல் பிடித்து வைக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது. பயறு வகைகளில், காய்ந்திருக்கும்போது இல்லாத வைட்டமின் சி-யும் முளைக்கும்போது உண்டாகிறது.

செய்முறை

முதலில் வாங்கிய கேழ்வரகுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எண்ணி நூறு மணியை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு நாளில் எண்பதுக்கு மேல் முளைத்தால் நல்ல சரக்கு. பாதிகூட முளைக்காவிட்டால் அது களி கிண்டத்தான் லாயக்கு. முளைக்காத மணி நொதி சுரக்காது, ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பதுதான் மிச்சம்.

நல்ல கேழ்வரகை கல், தூசி நீக்கி நாலைந்து தண்ணீரில் கழுவி, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை நன்றாக வடித்து, வெந்நீரில் அலசிய சுத்தமான வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டி, நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் மூட்டையைத் திறந்து, நல்ல தண்ணீர் தெளித்துக் கிளறிக் கட்டுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாளில் வெள்ளை முளை தெரியும். புளித்த வாடையோ, பிசுபிசுப்போ, கருப்பு, பச்சைப் பூஞ்சணமோ கண்டால் தயவு தாட்சணியம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

முளைத்ததை வெள்ளைத் துணியில் மெல்லிசாகப் பரப்பி, மேலே இன்னொரு மெல்லிய துணி போட்டு, நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவையுங்கள். கையால் தேய்த்துப் புடைத்தால் முளை உதிர்ந்துவிடும். பிறகு வாணலியில் லேசாகச் சூடு காட்டுங்கள். இந்த இடத்தில் ரொம்ப ஜாக்கிரதை. வாசனை தூக்க வேண்டும் என்று சிவக்கச் சிவக்க வறுத்தால் அந்த நொதி செத்துப்போகும். மாவு மணக்கும், ஆனால் கஞ்சி பழையபடி களியாகத்தான் வரும். கை பொறுக்கிற சூடு போதும். நைஸாக அரைத்து, துணியில் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்வதே நல்லது. இதே மாதிரி பச்சைப்பயறை முளைகட்டிக் காயவைத்து, தோல் நீக்கி, மூன்று பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு சேர்த்து அரைத்தால் புரதமும் கிடைக்கும்.

கஞ்சி காய்ச்சும்போது மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சின்னத் தீயில் வைத்துக் கிளறுங்கள். மெதுவாகச் சூடேறும் நேரத்தில்தான் நொதி வேலை செய்யும். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் வேலை தொடங்கும் முன்பே செத்துவிடும். இளகிவந்ததும் ஐந்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள்.

முளைகட்டின மாவு கொஞ்சம்தான் இருக்கிறதா? வழக்கமான மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, சற்று ஆறியதும் இந்த மாவில் ஒரு ஸ்பூன் தூவிக் கலக்குங்கள். சில நிமிஷங்களில் கண்ணெதிரே இளகும். அந்தப் பெண் இதைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, தண்ணியே ஊத்தல, இப்படிக் கரையுது!" என்று வாயைப் பிளந்துவிட்டாள். இளகினதும் மறுபடி ஒரு கொதி விட மறக்க வேண்டாம்.

ஒரு வயது வரை சர்க்கரையும் உப்பும் சேர்க்க வேண்டாம். தேன் கூடவே கூடாது. ஆறு மாதம் முடியும் முன்பு இந்தக் கஞ்சியும் வேண்டாம், அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். அதற்குப் பிறகும் இரண்டு வயது வரை தாய்ப்பால் தொடரட்டும். கஞ்சி ஒன்றே சாப்பாடாகிவிடவும் கூடாது. மசித்த பருப்பும் சாதமும், கீரை, முட்டை, பழம், ஒரு சொட்டு நெய் என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னேன். நர்ஸம்மாவிடமும் அழைத்துப்போனோம். கஞ்சியும் மற்ற சாப்பாடும் சேர்ந்து, அடுத்த இரண்டு மாதத்தில் எடை அட்டையில் கோடு மெல்ல மேலே ஏறியது.

முளைத்ததெல்லாம் நல்லதல்ல

முளைகட்டினது என்றால் அமிர்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டுச்சோறு இருக்கும் இடத்தில் திருடனும் வருவான், காவலும் இருக்கும். அதனால் நாலு விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விதையை எழுப்புகிற அதே ஈரமும் சூடும் கிருமிகளையும் எழுப்பும். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகச் சாப்பிட்டதால் ஏறக்குறைய 4,000 பேர் நோயில் விழுந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தே போனார்கள். ஒருவகை ஈ. கோலை கிருமி விதையோடு வந்து, முளைகட்டும்போது பெருகிவிட்டது. ஆகவே குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பச்சை முளைப்பயறு சாப்பிட வேண்டாம். நன்றாக ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். வைட்டமின் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

இரண்டு, சோளத்தை முளைகட்டிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சுருண்டு விழுந்ததை நம் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் கேட்டிருப்பீர்கள். அந்தக் குருத்தில் சயனைடு விஷமாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. முளையிலும் அது உண்டு. ராஜ்மா பயறும் முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் நன்றாகக் கொதித்து வேக வேண்டும், அரைவேக்காட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

மூன்று, ஆமணக்கு, குன்றிமணி, மஞ்சள் அரளி இவற்றின் விதைகளில் உயிரைப் பறிக்கும் விஷம் இருக்கிறது. குன்றிமணி சிவப்பாக அழகாக இருக்கிறதென்று பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். தப்பித்தவறி மென்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நான்காவது, விவசாயக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு. நம் மாவட்டத்தில் மக்காச்சோளம், பருத்தி, நெல் விதைகள் பாக்கெட்டில் வருகின்றன. விதை ரோஜா நிறமாகவோ, பச்சையாகவோ, நீலமாகவோ சாயம் பூசியிருந்தால், அதில் பூஞ்சண மருந்தோ பூச்சி மருந்தோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். விதைத்து மீந்ததைக் கழுவிவிட்டு முளைகட்டலாம், கோழிக்குப் போடலாம், மில்லில் அரைக்கலாம் என்று நினைக்கவே கூடாது. கழுவினால் போகாது. மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியாகப் பூட்டி வையுங்கள். முளைகட்டுவதற்கு எப்போதும் சாப்பாட்டுக்கென்று விற்கிற தானியத்தையே வாங்குங்கள்.

வீட்டில் ஆறு மாதம் தாண்டிய குழந்தை இருக்கிறவர்கள் இந்த வாரமே ஒரு ஆழாக்கு கேழ்வரகில் தொடங்கிப் பாருங்கள். செலவு அதிகமில்லை, இரண்டு நாள் பொறுமைதான் வேண்டும். மாதம் ஒரு தடவை அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். கஞ்சி மாற்றியும் இரண்டு மாதம் எடை ஏறவில்லை என்றால், பல் முளைக்கிறது, திருஷ்டி பட்டது என்று நாளைத் தள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.